கயையில் விட்ட ஆலு

உருளைக்கிழங்கு எங்கள் வீட்டை விட்டுப் போன இடம் கயை. என் அகத்துக்காரர் ரயிலேறி அவ்வளவு தூரம் போய், முழுகிக் குளித்து, ஈர வேஷ்டியோடு நின்று, மந்திரம் சொல்லி, முறையாக அதை விட்டுவிட்டு வந்தார். அவர் பங்கை மட்டும் விட்டிருந்தால் நான் இதைப் பற்றி வாயைத் திறந்திருக்க மாட்டேன். என் பங்கையும் சேர்த்து விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். அவர் வக்கீல். கட்சிக்காரர்கள் குறைவு, வாதம் அதிகம். கோர்ட்டில் செலவாகாத வாதமெல்லாம் சாயந்தரம் அவரோடு டிராம் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். ரசத்தில் உப்பு குறைவு என்பதைக்கூட முதல் அம்சம், இரண்டாம் அம்சம் என்று பிரித்துத்தான் சொல்வார். முந்தின வருஷம் என் மாமியார் காலமாகியிருந்தாள். அவர் ஒரே பிள்ளை. வருஷாப்திகம் முடிந்ததும் கயைக்குப் போய்ச் சிராத்தம் பண்ணிவிட்டு வருவதென்று தீர்மானித்து, என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினார்.

கயைக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கிற பெரிய ஆலமரத்தடியில், அக்ஷய வடம் என்பார்கள், ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை மூன்றையும் ஆயுசுக்கும் சாப்பிடுவதில்லை என்று விட்டுவிட்டு வர வேண்டும். ரொம்பப் பிடித்ததை விட வேண்டும் என்பது சாஸ்திரம். ரொம்பப் பிடிக்காததை விடுவது மயிலாப்பூர் வழக்கம். எங்கள் தெருவில் கயைக்குப் போய் வந்தவர்களில் பாதிப் பேர் பாகற்காயை விட்டிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தாழம்பழத்தை விட்டுவிட்டு வந்து, பெரிய தியாகம் பண்ணின முகத்தோடு ஒரு மாசம் நடமாடினார். தாழம்பழத்தை மனுஷர் யாரும் தின்று நான் பார்த்ததில்லை.

நாங்களும் ரயிலிலேயே பேசி வைத்துக்கொண்டோம். பழத்துக்கு விளாம்பழம். அதைத் தின்றால் அவருக்குத் தொண்டை கட்டும். இலைக்கு அத்தி இலை. ஆடு தின்னட்டும், நமக்கென்ன. காய்க்குக் கொத்தவரங்காய். அதை இலையில் போட்டால் ஓரமாக ஒதுக்கி, மேலே கறிவேப்பிலையைப் போட்டு மூடி, ஒன்றும் தெரியாதவர்போல மோர்சாதத்துக்குப் போய்விடுகிறவர் அவர். பெஜவாடா ஸ்டேஷன் தாண்டுவதற்குள் மூன்றும் முடிவாகிவிட்டது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

எனக்கு உருளைக்கிழங்கு என்றால் உயிர். நான் பிறந்த வீடு திருவல்லிக்கேணியில், ஒரு கும்பலுக்கு நடுவில். உருளைக்கிழங்கு வறுவல் செய்தால் ஆளுக்கு நாலு வில்லை வரும். அதில் ஒன்றை அண்ணா பிடுங்கிக்கொள்வான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு வாணலி வறுவலுக்கு இரண்டே பேர் என்கிற பாக்கியம் கிடைத்தது. வறுவல் நாளான ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணைத் திறக்கும்போதே எனக்கு அந்த நினைவுதான் வரும். அகத்துக்காரரிடம் எனக்கு அன்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அந்த அன்பில் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு பங்கு இருந்தது.

கயையில் மதராஸ் பாஷை பேசுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் பக்கத்தில் நின்று, பண்டா என்கிற அந்த ஊர்ப் புரோகிதன் கேட்பதை நமக்கும் நாம் சொல்வதைப் பண்டாவுக்கும் எடுத்துச் சொல்வார்கள். அப்படி ஒருவன் எங்கள் கூட வந்தான். என் அகத்துக்காரர், “எனக்கு ஹிந்தி தெரியும், நீ பின்னாடி நில்” என்றார். அவருடைய ஹிந்தி மாம்பலத்து ஹிந்தி. ஏரியைத் தூர்த்து மனை பிரித்து அங்கே அப்போதுதான் வீடுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. அதில் ஒரு மாடியில் சாயந்தர வகுப்பு நடந்தது. தேசத்துக்காக ஹிந்தி படிக்கிறேன் என்று அவர் அங்கே போய்வந்துகொண்டிருந்தார். பையன் பழம் தின்கிறான், பசு பால் தருகிறது என்கிற வரைக்கும் தேசத்துக்குச் செய்திருந்தார்.

மரத்தடியில் நான் அவருடைய வலக்கையைத் தர்ப்பையால் தொட்டுக்கொண்டு நின்றேன். பண்டா பழம் கேட்டான். கபித்த பலம் என்று விளாம்பழத்தைச் சமஸ்கிருதத்தில் சொன்னார். இலை கேட்டான். உதும்பர பத்ரம் என்று அத்தி இலையைச் சொன்னார். பிறகு “சப்ஜி?” என்று காயைக் கேட்டான். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கொத்தவரங்காய்க்கு வார்த்தை தேடுகிறார் என்று நினைத்தேன். பண்டா மறுபடி கேட்டான்.

“ஆலு” என்றார்.

பண்டா நிமிர்ந்து பார்த்தான். “ஆலு?”

“ஹாம். ஆலு.”

பண்டா என்னையும் பார்த்துவிட்டு, மந்திரத்தில் பத்தினியையும் சேர்த்து, ஜலத்தை விட்டான். கொத்தவரங்காய்க்கு ஹிந்தியில் இவ்வளவு சின்னப் பெயரா என்று நான் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்னால் நின்ற மதராஸ் பாஷைக்காரன் மெதுவாக, “உருளைக்கிழங்கை விட்டுட்டேளே மாமி, ரொம்பக் கஷ்டமாச்சே” என்றான். தர்ப்பை என் கையிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்து என்ன, ஜலம் அதற்குள் ஓடிவிட்டது.

சத்திரத்துக்கு வந்ததும் கேட்டேன். “ஏன்னா, கொத்தவரங்காய் என்னாச்சு?”

“அதுக்கு ஹிந்தி தெரியலை.”

“அதுக்காக?”

“என் பாடப் புஸ்தகத்துலே இருக்கிற ஒரே காய் ஆலுதான். கேட்டப்போ அதுதான் வாயிலே வந்தது.”

அப்படியே நம்பினேன். ஊர் திரும்பின அன்றைக்கே தெருப் பூராவும் சொல்லிவிட்டேன். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கடைசியில், பண்டா பயந்து எழுந்து நின்றதாகவும், ஆலமரத்திலிருந்த குரங்குகூட இவருடைய ஹிந்தியைக் கேட்டுத் திரும்பிப் பார்த்ததாகவும் சொன்னேன். அவர் எதையும் மறுக்கவில்லை. கோர்ட் கட்டைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாயைத் திறந்தால் வாதம் என்று இருக்கிற மனுஷர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஊர் சிரிக்கிறபடி விட்டுவிட்டாரே என்று எனக்கு அப்போது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு என் வறுவல் கவலை.

கூடையில் காய் கொண்டுவரும் பெண்பிள்ளை மறுநாளே வாசலில் வந்து நின்றாள். “இன்னாம்மா, கெயங்கு சோக்கா கீது. மாவாட்டம் வேவும். எவ்ளோ போட?”

“வேண்டாம். அதை விட்டாச்சு.”

“வுட்டாச்சா? எங்க வுட்டீங்க?”

“கயையிலே.”

“அத்தொட்டு இன்னா, ஆள வுட்டு எட்தாரச் சொல்றது” என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த வீட்டில் இருந்தவர்கள் தெலுங்குக்காரர்கள். அந்த வீட்டு அம்மாள் என் வயசு. மதில் வழியாக நாங்கள் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை அச்சடித்தால் புஸ்தகமாகும். கயைக் கதையை அவளிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு என்று சொல்லாமல், இவர் சொன்னபடியே “ஆலு” என்று சொல்லி நடித்துக் காட்டினேன். அவளுக்கு முதலில் மூச்சு நின்றது. பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் ஜலம் வந்து, தலைப்பால் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

“எங்க தெலுங்குலே ஆலுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?”

“என்ன?”

“பெண்டாட்டி.”

நான் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தேன்.

“கயையிலே அத்தனை பெரிய மரத்தடியிலே நின்னுண்டு, பெண்டாட்டியை ஆயுசுக்கும் விட்டேன்னு சொல்லிட்டு வந்திருக்கார் உங்க வீட்டுக்காரர். நீங்களும் கையைத் தொட்டுண்டு சம்மதம் குடுத்திருக்கேள்.”

அன்று சாயந்தரம் அவர் கோர்ட்டிலிருந்து வந்தபோது அடுப்புப் பற்ற வைக்கவில்லை. நான் கூடத்து மூலையில் பாயைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விடப்பட்ட வஸ்து வீட்டுக்காரருக்குச் சமைத்துப் போட்டால் அவருக்குத்தான் தோஷம் என்று சொன்னேன். விட்ட உருளைக்கிழங்கு தானாக எழுந்து வந்து இலையில் விழுந்தால் அதை ஏற்றுக்கொள்வாரா என்றும் கேட்டேன்.

அவர் அங்கவஸ்திரத்தை மடித்துக் கொடியில் போட்டார். “ஒரு சொல்லுக்கு, அது எந்த ஊர்லே சொல்லப்பட்டதோ அந்த ஊர் அர்த்தம்தான் செல்லும். கயையிலே தெலுங்கு வழங்கறதில்லை.”

“கேட்டுண்டிருந்தவா யாரு? உங்க பித்ருக்கள். அவா கயை ஊர்க்காராளா? உங்கப்பாவுக்கு ஹிந்தி தெரியுமா? உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

அவர் சமையலறைப் பக்கம் திரும்பினார். அது எனக்கு ஜயமாகப் பட்டது. அவலை நனைத்துத் தயிர் விட்டுத் தாமே பிசைந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து, “விட்ட வஸ்துவை நான் தொடப் போறதில்லை. ஆனா விட்ட வஸ்து நாளைக்குக் காலம்பற காப்பி மட்டும் போட்டுக் குடுத்துடலாம், அதுலே தோஷமில்லை” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு அந்த வேலைநிறுத்தம் பிசுபிசுத்துப் போயிற்று.

ஆனால் எனக்கு வழி தெரிந்துவிட்டது. ஒரு பாஷையில் ஆலு பெண்டாட்டி என்றால், இன்னும் எத்தனை பாஷையில் என்னென்னவோ. எங்கேயாவது ஒரு பாஷை என் உருளைக்கிழங்கை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடும் என்று நம்பிக்கை வந்தது. மயிலாப்பூரில் பாஷைக்கா பஞ்சம்?

இரண்டு வீடு தள்ளி ஒரு ராயர் வீடு. தஞ்சாவூர் மராட்டியர்கள். அந்த வீட்டு அம்மாளிடம் போய், உங்கள் பாஷையில் ஆலு என்றால் என்ன என்று கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் என்னைச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டு போனாள். சேம்பு இலை ஒவ்வொன்றாக விரித்து, புளியும் காரமும் போட்ட கடலைமாவைத் தடவி, பாய் சுருட்டுகிறாற்போலச் சுருட்டி ஆவியில் வைத்துக்கொண்டிருந்தாள். “இதுதான் எங்காத்து அளு. இலை. உருளைக்கிழங்கை நாங்க படாடாம்போம். ஆலுன்னே சொல்றதில்லை” என்றாள்.

வாயில் போட்டால் கரைந்தது. தின்றுகொண்டே யோசித்தேன். மராட்டியப்படி இவர் விட்டது ஒரு இலை. இலைதான் ஏற்கெனவே அத்தியாக விட்டாயிற்றே. இரண்டு இலை விட்டவர் காயே விடவில்லை என்றாகிறது. இனிமேல் போய்க் கொத்தவரங்காயை விட்டால் போதும். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னேன். “பண்டா கேட்டது சப்ஜி. இலையைக் கேட்டு முடிச்சாச்சு. கேள்விக்குள்ளேதான் பதிலோட அர்த்தம் அடங்கும்” என்றார் வக்கீல். கோர்ட்டில் இப்படி ஒரு நாள் பேசியிருந்தால் எனக்கு இன்னும் இரண்டு வளையல் வந்திருக்கும்.

ராயர் வீட்டு அம்மாள் விடுகிறவள் இல்லை. அவள் வெள்ளிக்கிழமைகளில் ஜட்கா வைத்துக்கொண்டு அடையாற்றுத் தோட்டத்தில் நடக்கும் பிரசங்கங்களுக்குப் போய்வருவாள். அங்கே சீமையிலிருந்து வந்த பல தேசத்தவர்கள் தங்கியிருந்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரியிடம் எனக்காகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவர்கள் ஊரில் உருளைக்கிழங்கை மண்ணுக்கடியில் விளைகிற ஆப்பிள் என்கிறார்களாம். அப்படியானால் அது பழம் என்றேன். “அப்போ ஆப்பிளையும் சேர்த்து விட்டதா ஆகும், ஜாக்கிரதை” என்றார் இவர். ஆப்பிளை நாங்கள் வியாதி வந்தால்தான் கண்ணால் பார்ப்போம், அதனால் அந்த வாதத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

அடுத்து அவருக்குப் பித்தம் ஏறி நாக்குக் கசந்தது. ராயப்பேட்டையில் ஒரு சாயபு யூனானி மருந்துக்கடை வைத்திருந்தார். அங்கே போய் ஆல்பகடா பழம் வாங்கிவரச் சொன்னார்கள். கறுப்பாக, சுருங்கி, புளிப்பும் இனிப்புமாக இருக்குமே, அதுதான். சாயபு பொட்டலம் மடிக்கும்போது எனக்குப் பொறி தட்டியது.

“இதுக்கு ஏன் ஆல்பகடான்னு பேர்?”

“அது ஆலு புகாராம்மா. புகாரான்னு ஒரு ஊரு. அந்த ஊரு ஆலு.”

“ஆலுன்னா கிழங்கு இல்லையா?”

சாயபுவுக்கு வருத்தமாகப் போய்விட்டது. “எங்க பார்ஸியிலே ஆலுன்னா பழம்மா. பாதுஷாக்கள் தின்ன பழம். வடக்கே கிழங்கையும் ஆலும்பான். அந்தக் கிழங்கு நேத்து வந்ததும்மா. கப்பல்லே வந்தது. பழம் எப்போலேந்து இருக்கு.” பழத்துக்கு அநியாயம் நடந்துவிட்டது என்கிற மாதிரி இன்னும் இரண்டு பழத்தைப் பொட்டலத்தில் போட்டார்.

அதை இவரிடம் சொன்னபோது, அந்தப் பழத்தைத்தான் வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். “உங்க ஆலுவைத் தின்னுண்டிருக்கேள். சங்கல்பம் முறிஞ்சாச்சு. இனிமே உருளைக்கிழங்கு தின்னா என்ன?” என்றேன். கொட்டையைத் துப்பிவிட்டு, “நான் விட்டது இந்த ஆலு இல்லை” என்றார்.

“எந்த ஆலுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்க ஹிந்தி லட்சணத்துக்கு.”

“தெரியும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. இப்படி ஒரு பிடிவாதமா? தெரியாத பாஷையில் தப்பாகச் சொன்னதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டுக்கொண்டு, அதற்காகத் தானும் தின்னாமல் என்னையும் தின்னவிடாமல் இருக்கிறாரே என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாழைக்காயை மெல்லிசாகச் சீவி உருளைக்கிழங்கு மாதிரியே வறுத்துப் பார்ப்பேன். வாழைக்காய் வாழைக்காயாகத்தான் இருந்தது.

கடைசியில் எங்கள் வீட்டு வாத்தியாரைப் பிடித்தேன். வாத்தியார் என்றால் அமாவாசைக்குத் தர்ப்பணமும் வருஷத்துக்கு ஒருமுறை சிராத்தமும் செய்துவைக்கிறவர். சமஸ்கிருதத்தில் கரை கண்டவர் என்று பெயர். தர்ப்பணம் முடிந்து இவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, கதவோரம் நின்றுகொண்டு கேட்டேன். “சமஸ்கிருதத்திலே ஆலுன்னா என்ன?”

வாத்தியார் சந்தோஷமாகிவிட்டார். யாரும் அவரிடம் இப்படிக் கேட்பதில்லை போலிருக்கிறது. “ஆலுன்னா ஆந்தை” என்றார். “கருங்காலி மரம்னும் சொல்லலாம். சின்ன ஜலக்குடம்னும் உண்டு. தெப்பம்னு ஒரு அர்த்தம். அப்பறம் சேனைக்கிழங்கு. பொதுவா நாம திங்கற கிழங்கு எதையும் சொல்லலாம்.”

ஆந்தையை விட்டதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தெப்பத்தை விட்டதிலும் இல்லை; வருஷத்துக்கு ஒருமுறை குளத்தில் பார்க்கலாம், தின்னப் போவதில்லை. ஜலக்குடம் கொஞ்சம் இடித்தது. ஆனால் கடைசி அர்த்தம்தான் என்னைக் கவிழ்த்துவிட்டது. உருளைக்கிழங்கை மீட்கப் போய்ச் சேனை, சேப்பங்கிழங்கு, கருணை எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு நிற்கிறேனே என்று, கேட்ட வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“எதுக்குக் கேக்கறேள்?” என்றார் வாத்தியார்.

கயையில் நடந்ததைச் சொன்னேன். குரங்கை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். வாத்தியார் தொடையில் தட்டிச் சிரித்தார்.

“அட, அந்தச் சீமைக்கிழங்கா? அதுக்கு வேதத்துலே ஏது இடம்? கப்பல்காரா கொண்டுவந்தது. வடக்கே பழைய கிழங்குப் பேர் ஒண்ணு கிடந்தது, அதைத் தூக்கி இதுக்கு வெச்சுட்டா. பேர் நம்மளது, கிழங்கு அவாளது. தெவசத்தன்னிக்கு நம்மாத்துலே அதைச் சமைக்கறோமோ? தொடறதேயில்லையே. பித்ருக்கள் கண்ணாலே பார்க்காத வஸ்து. அவாளுக்குத் தெரியாத ஒண்ணை அவாளுக்காக விட்டேன்னா அது எந்தக் கணக்குலே சேரும்? சேராது. விட்டதே இல்லை. தாராளமாச் சாப்பிடுங்கோ. மனசுக்கு உறுத்தலா இருந்தா வேறே ஒரு காயை விட்டுடுங்கோ, இங்கேயே சங்கல்பம் பண்ணி வெக்கறேன்.”

“கொத்தவரங்காய்” என்றேன் கதவோரத்திலிருந்து.

இவர் வாத்தியாருக்குத் தட்சிணை கொடுத்து, வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தார். நான் அதற்குள் குளத்தங்கரைக் கடைக்குப் போய்விட்டேன். ஆள் அனுப்பக்கூடப் பொறுமை இல்லை. கையில் உருட்டிப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். எத்தனை பாஷையில் என்னென்னவாக இருந்தாலும், தமிழில் அது உருளுகிற கிழங்கு, எவ்வளவு நேர்மையான பெயர் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று அமாவாசை. அவருக்குச் சமையல் ஆகிவிட்டிருந்தது. அமாவாசைச் சமையலில் இதைச் சேர்க்கக் கூடாதே என்று மறுநாள் வரை பொறுத்தேன். மறுநாள் தோலுரித்து, வில்லை போட்டு, மஞ்சளும் மிளகாய்ப்பொடியும் பிசிறி, நல்லெண்ணெயில் அடுப்பைத் தணித்துவைத்து, பக்கத்திலேயே நின்று புரட்டினேன். ஓரமெல்லாம் மொறுமொறுவென்று ஆகி, நடுவில் வெண்ணெயாக இருந்தது. வாசனைக்குத் தெலுங்கு அம்மாள் மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். “ஆலு திரும்பி வந்துடுத்தா?” என்று கேட்டாள். வந்துவிட்டது என்று சொன்னேன்.

இலை போட்டேன். சாதம், பருப்பு, நெய் பரிமாறிவிட்டு, வாணலியோடு அவர் முன்னால் போய்க் கரண்டியை நீட்டினேன். அவர் இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தார்.

“எனக்கு வேண்டாம்.”

“வாத்தியார் சொல்லிட்டாரே. விட்டதே இல்லைன்னு.”

“சொன்னார்.”

“பித்ருக்களுக்கு இந்தக் கிழங்கே தெரியாதுன்னாரே.”

“தாத்தாவுக்குத் தெரியாம இருக்கலாம். அப்பாவுக்கும் தெரியாம இருக்கலாம்” என்றார். “அம்மாவுக்குத் தெரியும்.”

நான் கரண்டியோடு நின்றேன்.

“அம்மா இதைத் தொடமாட்டா. சீமைக்கிழங்குன்னு உள்ளேயே விடமாட்டா. நான் பள்ளிக்கூடத்துலேந்து வந்து வேணும்னு அழுவேன். கொல்லையிலே மூணு செங்கல் வெச்சு, தனியா ஒரு இருப்புச்சட்டியிலே எனக்கு வறுத்துப் போடுவா. போட்டுட்டுக் கிணத்தடியிலே தலையோட ஸ்நானம் பண்ணிண்டுதான் திரும்ப உள்ளே வருவா. மார்கழியிலேயும் அப்படித்தான். ருசி எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியாது. நான் தின்னும்போது மூஞ்சியைப் பார்த்துண்டு உக்காந்திருப்பா.”

கொஞ்ச நேரம் பருப்புச் சாதத்தைப் பிசைந்தார்.

“அவளுக்குன்னு கேக்கறான், நான் கொத்தவரங்காய்னு எப்படிச் சொல்றது? அதுக்கு வார்த்தை தெரியாம இல்லை. பின்னாடி அந்த ஆள் நின்னுண்டிருந்தான், தமிழ்லே சொல்லியிருந்தாலும் போதும். ஹிந்தியிலே சொன்னா உனக்குப் புரியாது, நீ அங்கேயே சண்டைக்கு வரமாட்டேன்னுதான் ஆலுன்னு சொன்னேன்.”

எனக்கு அழுகை வந்தது. கூடவே பயங்கரமான கோபமும் வந்தது. ஊரெல்லாம் இவருடைய ஹிந்தியைச் சொல்லிச் சிரித்தேனே, அப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு இருந்தாரே. தெலுங்கு, மராட்டி, பார்ஸி என்று நான் அலைந்தபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. “என்னையும் ஏன் சேர்த்தேள்?” என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“உன்னை நான் சேர்க்கலை. பண்டா சேர்த்துண்டான். நீ சாப்பிடு. உக்காரு, இலையைப் போட்டுக்கோ. உனக்காகத்தானே வாத்தியார் தீர்ப்பு.”

பிறகுதான் நானும் உட்கார்ந்தேன். அவர் மோர்சாதம் முடித்தும் எழுந்திருக்கவில்லை. இலையை மடிக்காமல், கையும் காய்ந்துபோக, நான் ஒவ்வொரு வில்லையாக எடுத்து வாயில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் நான் அப்படி ஒரு வறுவல் வறுத்ததில்லை. அதற்குப் பிறகும் அந்தப் பதம் எனக்கு வரவில்லை.

“எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“சுமார்தான்” என்றேன். “காந்திப் போயிடுத்து.”